பள்ளி வாசலுக்கும் ஒரு தராசு வேண்டும்



மதுரையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் குற்றத்தின் கடுமையைப் பெரிதும் எடையால்தான் அளக்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை அதிகபட்சம் ஓராண்டு சிறை. 20 கிலோவுக்கு மேல் குறைந்தது 10, அதிகபட்சம் 20 ஆண்டு, ஜாமீனும் அரிது. கூலிக்கு மூட்டை சுமப்பவருக்குப் பத்தாண்டு. மாணவர்களுக்குப் பொட்டலம் விற்பவர், கையில் கொஞ்சமே வைத்திருந்தால், விரைவில் வெளியே வந்துவிடுகிறார்.

பள்ளி அருகே விற்றால் தண்டனையைக் கூட்டலாம் என்கிறது அச்சட்டத்தின் 32பி பிரிவு. அதுவும் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே. சிறிய அளவுக்கு அது பொருந்தாது. பிள்ளைகளைக் குறிவைக்கும் சில்லறை விற்பனைக்கு எடை பார்க்காத தனிப் பிரிவை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும்.

— வாசகர், செல்லூர், மதுரை