சங்கத்துக்கு வெல்டிங் இயந்திரம் வாங்குமுன்

நெசவாளரும் பயிர்த்தொழில் புரிவோரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் சங்கங்களில், வெல்டிங் இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழுவதுண்டு. யோசனை நல்லதே. விசைத்தறியின் இரும்புத் தாங்கி விட்டுப்போனாலும், கலப்பையின் கொழு முறிந்தாலும், டிரெயிலரின் கொக்கி பெயர்ந்தாலும், பட்டறைக்காரரின் வரவை நோக்கி இரண்டு நாள் வேலையை இழப்பது அங்கத்தினர் யாவரும் அறிந்த கஷ்டமாகும். ஆயினும், இந்த யோசனையோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்றொன்றை நாம் ஏற்பதற்கில்லை. மருந்து தெளிப்பானை அனுப்புவதுபோல இவ்வியந்திரத்தையும் நாள் வாடகைக்கு அங்கத்தினர் இல்லங்களுக்கு அனுப்பலாம் என்பதே அது.

இந்த எண்ணம் தோன்றியதற்கு இயந்திரத்தின் எடைக் குறைவே காரணம். முன்னாட்களில் பட்டறைகளில் இருந்த டிரான்ஸ்பார்மர் இயந்திரத்தை நகர்த்த நான்கு ஆட்கள் வேண்டும். ஆகவே அது வைத்த இடத்திலேயே இருந்தது. இக்காலத்து இன்வெர்ட்டர் வகையில் 10 கிலோவுக்கும் குறைவானவை கடைகளில் கிடைக்கின்றன. தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகலாம். எடை குறைந்ததேயன்றி அதன் நெருப்பு குறையவில்லை. எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வாறு உருகித் தெறிக்கும் துளிதான் நாம் தீப்பொறி என்று சாதாரணமாகச் சொல்வது.

அத்துளி விழுமிடம் எது என்பதை நெசவாளர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தறிக்கூடத்தில் சுவரிலும் உத்தரத்திலும் மோட்டாரின் மேலும் பஞ்சுத்தூசி படிந்திருக்கிறது. மூலையில் நூல் சிப்பங்களும், சாக்கில் கழிவுப் பஞ்சும் கிடக்கின்றன. பஞ்சில் விழுந்த பொறி உடனே சுடர் விட்டு எரியுமானால் நாம் கண்டு அணைத்துவிடலாம். அது உள்ளே புகுந்து, புகையும் வெளித் தெரியாமல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருந்து, எல்லோரும் உறங்கிய பின் வெளிப்படுவதே வழக்கம்.

இலவம்பஞ்சினால் ஒரு பெருங்கப்பல் அழிந்த வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பிரெஞ்சு நாட்டின் நார்மண்டி என்னும் கப்பல் 80,000 டன்னுக்கு மேற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அதனைத் துருப்புகள் ஏற்றும் கப்பலாக மாற்றும் வேலை நியூயார்க் துறைமுகத்தில் நடந்தது. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி, மண்டபம் ஒன்றிலிருந்த இரும்புத் தூண்களை வாயுச் சுடர் கொண்டு அறுத்துக்கொண்டிருந்தனர். அருகில் இலவம்பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிகள் குவிக்கப்பட்டிருந்தன. பொறி அவற்றில் வீழ்ந்தது. தீயை அணைக்க இறைத்த நீர் மேல்தளங்களில் தேங்கி, கப்பல் ஒருபுறம் சாய்ந்து, மறுநாள் அதிகாலையில் கவிழ்ந்தது. துறைமுகத்திலே, இத்தனை நீருக்கும் ஆட்களுக்கும் நடுவே நிகழ்ந்தது இது. நமது ஓட்டுக் கட்டிடத்துத் தறிக்கூடத்தில் ஒரு குடம் தண்ணீருக்கே நாம் ஓட வேண்டியிருக்கும்.

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி, வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது என்கிறது. அகற்ற இயலாதவற்றைத் தீப்பிடிக்காத விரிப்பினால் மூட வேண்டும். வேலை முடிந்த பின்னும் ஒருவர் அங்கேயே நின்று காவல் பார்க்க வேண்டும். முன்பு அரை மணி என்றிருந்த இக்காவலை 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மணியாக உயர்த்தினர். நம் நாட்டிலும் இதற்கென ஐ.எஸ். 3016 என்னும் தர விதி உண்டு. பஞ்சு உள்ள இடத்தில் ஒரு மணிக் காவல்கூடப் போதாது என்பது நமது அபிப்பிராயம். இரவு படுக்குமுன் இன்னொரு முறை சென்று முகர்ந்து பார்ப்பது நல்லது. தெருவில் பாதி வீடுகள் தறிக்கூடமாயிருக்கும் ஊரில் 35 அடி வெற்றிடம் எங்கே கிடைக்கும்? வீடு வீடாக அனுப்புவதை நாம் எதிர்ப்பதற்கு இதுவே முதற்காரணம்.

மின்சாரத்தைப் பற்றியும் சில கூற வேண்டும். இயந்திரத்துக்கெனத் தனி ஒயரும், கைக்கெட்டும் தூரத்தில் தனி சுவிட்சும், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைத்தல் அவசியம். தறி மோட்டாரின் இணைப்பிலிருந்து கொக்கி போட்டு எடுப்பது தகாது. வயலில் இலவச மின் இணைப்பிலிருந்து எடுப்பதோ சட்டப்படியும் குற்றம். அனுமதித்த காரியத்துக்கன்றி வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்க இடமுண்டு.

இயந்திரத்தின் உடல் பூமியோடு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வேலைப்பொருளில் மாட்டும் கவ்வி வேறு. அது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. பட்டறைகளில் இரண்டையும் எர்த் என்றே வழங்குவதால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணிவிடுகின்றனர். கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அண்மையில் மாட்ட வேண்டும். தறியின் ஒரு கோடியில் மாட்டி மறு கோடியில் பற்றவைத்தால், மின்னோட்டம் பேரிங் குண்டுகளின் வழியே பாய்ந்து அவற்றைப் பொரித்துவிடும். பின்னர் தறி இரைச்சலிடும்போது பேரிங் செய்தவனைத் திட்டுவோம்! டிராக்டரில் பற்றவைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியைப் பொருத்திவிட்டோம், இனிப் பயமில்லை என்பாரும் உளர். அது உள்வரும் மின்சாரத்துக்கே காவல். கம்பி பிடிக்கும் கைப்பிடியின் பக்கம் தனிச் சுற்றாதலால் அங்கே அது உதவாது. அந்தப் பக்கத்தில் கம்பி தொடாத நிலையில் 80 வோல்ட் வரை இருக்கக்கூடும். சித்திரை வெயிலில் வியர்த்த உடம்போடு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவனுக்கு அது சிறிய அளவன்று. உலர்ந்த தோலுறையும் செருப்பும் இன்றி எவரும் கைப்பிடியைத் தொடலாகாது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்கு ஆகாது. 10 அல்லது 11 எண் கொண்ட வெல்டிங் கண்ணாடி பொருத்திய முகக்கவசமே வேண்டும். ஒளியால் ஏற்படும் தீங்கு உடனே தெரிவதில்லை. ஆறேழு மணி நேரம் சென்று, நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். அப்போது தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்கை அரிந்து வைப்பதும் விட்டு, கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பற்றவைப்பவன் ஒருவனுக்குத்தான் கவசம். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கு ஏது? வீட்டு வாசலில் இவ்வேலையைச் செய்தால் தெருப்பிள்ளைகள் அனைவரும் கூடிவிடுவர். புகையும் அவ்வாறே. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று 2017இல் முடிவு கண்டது. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும். வேலை முடிந்து பால் அருந்துவதால் நுரையீரலில் சென்ற புகை வெளிவருவதில்லை.

பயிர்த்தொழிலாளருக்கு ஒரு வார்த்தை. டீசல் பீப்பாயையும் பூச்சிமருந்து டின்னையும் பற்றவைக்கக் கொண்டு வராதீர்கள். காலி என்று நாம் நினைப்பது ஆவியால் நிறைந்திருக்கும், வெடிக்கும். சங்கம் அவ்வேலையை ஏற்கவே கூடாது. வாயு வெல்டிங்கை இப்போதைக்குத் தவிர்ப்பதே நலம். அசெட்டிலீன் உருளையைப் படுக்க வைத்தலும், ஆக்சிஜன் திருகில் எண்ணெய் இடுதலும், செப்புக் குழாயில் அசெட்டிலீனைச் செலுத்துதலும் ஒவ்வொன்றும் பெரும் விபத்துக்கு வழி. பழம் பழுக்க வைக்கச் சிலர் பயன்படுத்தியதும், சட்டம் தடுத்திருப்பதுமான கார்பைடு கல், நீர் பட்டால் வெளிவிடுவது இந்த வாயுவையே.

தறியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வர முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலும் முறிவது கழற்றக்கூடிய உறுப்பே; அதைக் கழற்றிக் கொண்டுவரலாம். தறியின் பெரும் பக்கச் சட்டங்கள் வார்ப்பிரும்பாலானவை. சாதாரணக் கம்பியால் அவற்றை ஒட்டினால் பக்கத்திலேயே மீண்டும் விரியும். இயலாத இடத்துக்கு இயந்திரம் செல்லட்டும். ஆனால் சங்கத்தின் ஆளோடு, மணல் வாளியோடு, காரியதரிசியின் கையெழுத்திட்ட சீட்டோடு செல்லட்டும். அந்த ஆள் யார்? தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டுதான். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை ஒருவனைச் சங்கச் செலவில் அனுப்பினால், ஊரில் ஒரு பிழைப்பும் உண்டாகும்.

இயந்திரத்தின் விலை மலிவு என்று மகாசபையில் எடுத்துரைப்பது எளிது. அதனோடு நூல் கிடங்குக்கு எட்டத்தில் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் கொண்ட கொட்டகை, தனி மின் இணைப்பு, கவசங்கள் இரண்டு, தீயணைப்பான், பயிற்சிச் செலவு ஆகிய யாவும் அதே மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். இவையின்றி இயந்திரத்துக்கு மட்டும் பணம் கோரும் பிரேரணை வந்தால், அங்கத்தினர்கள் அதனை நிர்வாகக் குழுவுக்கே திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.