சான்றிதழ் கார் ஓட்டுவதில்லை

'டிரைவரின் குற்றப் பின்னணியைப் போலீஸ் ஒழுங்காக விசாரித்துவிட்டால் கால் டாக்சியில் பெண்களுக்குப் பயமில்லை.' ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் இதை யாராவது சொல்கிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறோம். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

டெல்லியில் 2014 டிசம்பர் 5 இரவு, ஊபர் காரில் ஏறிய இளம்பெண்ணை ஓட்டுநரே பாலியல் வன்கொடுமை செய்தான். அவனிடம் டெல்லி காவல்துறை பெயரில் நன்னடத்தைச் சான்றிதழ் இருந்தது. போலி என்று பிறகு தெரிந்தது. உண்மையாகவே விசாரித்திருந்தால்? 2011இல் இதே மாதிரியான வழக்கில் கைதாகி, விடுதலையானவன். தண்டனை பெற்றவர்களை மட்டும் சலிக்கும் சல்லடையில் அந்த வழக்கு நின்றிருக்காது. சொந்த ஊர்க் காவல் நிலையம் வரை போய்க் கேட்டிருந்தால் சிக்கியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு தூரம் போகவே வேண்டியிருக்கவில்லை. அவன் பார்த்த பார்வை சரியில்லை என்று சில நாட்களுக்கு முன்பே நிறுவனத்திடம் புகார் செய்ததாக இன்னொரு பெண் பயணி வெளிப்படையாகச் சொன்னார்.

பதிவேடு நேற்றுவரை பிடிபட்டவனைத்தான் காட்டும். அமெரிக்காவின் கலமசூவில் 2016 பிப்ரவரியில் ஓர் ஊபர் ஓட்டுநர் சவாரிகளுக்கு நடுவே ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார். அவர் மேல் பழைய வழக்கு எதுவும் இல்லை, சோதனையில் தேறியவர். லண்டனில் இன்னும் வேடிக்கை. வேறு ஓட்டுநர்களின் கணக்கில் தங்கள் படத்தை ஏற்றிக்கொண்டு சிலர் குறைந்தது 14,000 சவாரிகள் ஓட்டியதை 2019இல் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டது. சோதிக்கப்பட்டவர் ஒருவர், ஸ்டீயரிங் பிடித்தவர் வேறொருவர்.

அமெரிக்காவில் 2017, 2018 இரண்டே ஆண்டுகளில் 5,981 பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்ததாக ஊபரே அறிக்கை தந்தது. ஓட்டுநர்கள் சோதித்துச் சேர்க்கப்பட்டவர்கள்தான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பயணிகள் என்பது தனிக்கதை. பயணியிடம் யாரும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை.

பிறகு ஏன் எல்லோருக்கும் இந்தச் சோதனை பிடித்திருக்கிறது? மலிவு. ஒருமுறை காகிதம் வாங்கிக் கோப்பில் வைத்தால் பழி காவல்துறை தலையில். புகார்களை இரவும் பகலும் படித்து, நடவடிக்கை எடுக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், சவாரியும் குறையும். ஓட்டுநரைக் கேளுங்கள்: நாலு சவாரியை ரத்து செய்தால் ஐடியை முடக்கத் தெரிந்த நிறுவனம்தான் இது.

டெல்லியில் அந்த முதல் புகார் வந்த அன்றே அவன் ஐடியை முடக்கியிருந்தால், டிசம்பர் 5 இரவு அந்தப் பெண்ணின் அழைப்பு வேறொரு காருக்குப் போயிருக்கும்.