சோபா கலருக்குப் படமா?

சிகாகோவுல சுவருக்குப் படம் வாங்கப் போனா கடைக்காரர் முதல்ல கேக்கறது, "உங்க சோபா என்ன கலர்?" சோபாவே போன செமஸ்டர்ல இருந்தவன் விட்டுட்டுப் போனது. அதுக்கு மேட்சா படமாம் :-)

அறைக்காகப் படம் தேடறது தப்பில்லை. 1888 ஆகஸ்ட்ல, பிரான்ஸோட ஆர்ல் ஊர்ல, நண்பர் கோகன் வந்து தங்கப்போறார்ங்கற சந்தோஷத்துலதான் வான் கோ சூரியகாந்திகளை வரைஞ்சார். அதுல ரெண்டு, கோகன் படுக்கற அறைக்குப் போச்சு. ஆளை நினைச்சு வச்ச படம். சோபாவை நினைச்சு இல்ல.

அவரோட படுக்கையறைப் படம் (1889) இங்க ஆர்ட் இன்ஸ்டிடியூட்ல இருக்கு. அதுக்குள்ளயும் கட்டிலுக்கு மேல படங்கள் தொங்குது! அவங்க தளத்துல இலவசமாவே இறக்கி, பிரிண்ட் போட்டுக்கலாம்.

கலரை விட அளவுதான் முக்கியம்னு நினைக்கறேன். சோபா அகலத்துல மூணுல ரெண்டு பங்காவது இருக்கணும். வெறும் சுவர்னா படத்தோட நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்துல வரட்டும். ஜன்னல் வெயில் படற இடம் வேண்டவே வேண்டாம். வான் கோ போட்ட குரோம் மஞ்சளே வெளிச்சம் பட்டுப் பழுப்பாயிட்டு வருது, நம்ம பிரிண்ட் எம்மாத்திரம்? ஆணி அடிச்சா அட்வான்ஸ்ல கை வைப்பாங்க, அதனால அலமாரி மேல சாய்ச்சு வச்சாலே போதும்.

அப்படித்தான் வச்சிருக்கேன். வீடியோவுல பாத்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "முருகர் படம் எங்கடா?"