டிரைவர் தூக்கம் எந்தக் கணக்கில் வரும்?

பி.காம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு லாரியைக் கொடுத்து, டன்-கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். இன்சூரன்ஸ், வரி, பெர்மிட் எல்லாம் நிலையான செலவு. டீசல், டயர், ஆயில் எல்லாம் மாறும் செலவு. டிரைவருக்கு ஒரே ஒரு வரி: சம்பளம். அதோடு அவர் கதை முடிந்தது. நானும் இப்படித்தான் போட்டு மார்க் வாங்கினேன்.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். தடுக்கி விழுந்தால் ஒரு லாரிப் பட்டறையில்தான் விழவேண்டும். டீக்கடையில் தெரிந்த அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். டில்லி லைன் ஓட்டுகிறார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, தூங்கலீங்களா?" என்றேன்.

"தம்பி, வண்டி ஓடுனாத்தான் நமக்குக் காசு. நின்னா ஓனருக்குக் கோவம், லேட்டானா பார்ட்டிக்குக் கோவம். தூங்குனா எல்லாத்துக்கும் கோவம்" என்று சிரித்தார். டில்லிக்கு எத்தனை நாள் கெடு என்று கேட்டேன். 5 நாள் என்றார். ஒரே டிரைவர். கிளீனர் கிடையாது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன் (காமர்ஸ் புத்தி போகாதே!). நாமக்கல்லிலிருந்து டில்லி சுமார் 2,400 கிலோமீட்டர். 5 நாள் என்றால் தினம் 480. டோல்கேட், ஊர் நெரிசல், மலை ஏற்றம் எல்லாம் சேர்த்து லோடு வண்டிக்கு சராசரி 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், தினம் 12 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். சாப்பாடு, குளியல், தார்ப்பாய் கட்டுவது, டயர் பார்ப்பது, கம்பெனி கேட்டில் காத்துக் கிடப்பது எல்லாம் இதில் சேராது.

இது அந்த அண்ணன் ஒருவர் கதை என்று நினைக்க வேண்டாம். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020ல் 10 நகரங்களில் 1,200க்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. சராசரியாக அவர்கள் ஓட்டுவதும் ஒரு நாளைக்கு சுமார் 12 மணி நேரம்தான். களைப்பாக இருந்தாலும், தூக்கம் வந்தாலும் ஓட்டுவதாகப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. அதில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று இருந்தது. நீண்ட தூர வண்டிக்கு அனுமதி வாங்கினால் அதிகபட்சம் 10 மணி நேரம். 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அந்தச் சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்ட 2020ம் வருடத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை 10 ஆகிவிட்டது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனர்கள்தான் நம் ஊரில் ஏராளம். அப்புறம் யாருக்காக அந்தச் சட்டம்?

இன்னொன்று. நேஷனல் பெர்மிட் லாரியில் 2 டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் படுக்க. 2018ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆள் கிடைப்பதில்லை, கட்டுப்படியாகவில்லை என்ற ஓனர்களின் குறை பொய்யில்லை. ஆனால் விதியை எடுத்தபோது, தனியாக ஓட்டுபவர் எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று உருப்படியாகக் கண்காணிக்க ஓர் ஏற்பாடும் செய்யவில்லை. செலவுத்தாளில் ஒரு வரி குறைந்தது. அந்த வரியைத் தூக்கி ஒற்றை டிரைவரின் கண்ணிமை மேல் வைத்துவிட்டோம்.

பயிற்சியும் இதே கதைதான். முன்பெல்லாம் கிளீனராக ஏறி, ஜாக்கி போட்டு, ரிவர்ஸுக்கு சைடு சொல்லி, சில வருடம் கழித்துத்தான் ஸ்டியரிங்கில் உட்காருவார்கள். சம்பளம் குறைவு, அடி உதை உண்டு, அதைப் புனிதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுதான் நமக்கிருந்த ஒரே பள்ளிக்கூடம். செலவு என்று கிளீனரை இறக்கிவிட்டதும் அந்தப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டோம். 2021ல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மைய விதிகளில் கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம் பாடம். நல்ல ஆரம்பம். ஆனால் ஒரு டிரைவர் 4 நாளில் ஓட்டும் நேரத்தைவிட இது குறைவு!

பயிற்சி மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. தர்மபுரி - சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய் தெரியாதவர்கள் இருக்க முடியாது. எத்தனை விபத்துச் செய்தி படித்திருப்போம். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது ஒரு முக்கியக் காரணம் என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இது டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மைலேஜ் குறைந்தால் கேள்வி வரும், மிச்சம் பிடித்தால் கையில் காசு வரும் என்று இருக்கும்போது, போர்டு வைத்து என்ன பயன்?

நான் சொல்ல வருவது இதுதான். நம் நாட்டில் சரக்குக்கு மணிக்கணக்கு உண்டு. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு வைக்கிறது. அந்தக் கணக்கில் டில்லிக்கு 12 நாள் வருகிறது. 8 மணி நேரம் மட்டும் ஓட்டினால் 8 நாளில் போய்விடலாம். ஆக அவசரப்படுத்துவது அரசாங்கம் இல்லை. 5 நாள் கெடு வைப்பது சரக்கு அனுப்பும் கம்பெனி. அந்தக் கம்பெனி பெயர் மட்டும் எந்த விபத்து வழக்கிலும் வருவதில்லை.

ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவைத்தவரும் குற்றவாளி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. பாரத்தைக் கூடுதலாக ஏற்றியவரைக் கேட்கலாம் என்றால், கெடுவைக் குறைவாக வைத்தவரையும் கேட்கலாமே? ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், வண்டியில் இருக்கும் கருவியே பதிவு செய்துவிடும். நம் லாரிகள் பலவற்றிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. ஆனால் அதை வைத்து "ஏன் நின்னே?" என்றுதான் கேட்கிறோம். "ஏன் நிக்கலே?" என்று கேட்க அதே கருவி போதும்.

விலை ஏறிவிடும் என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். 5 நாள் 8 நாள் ஆகிறது. கூடுதல் 3 நாளுக்கு, வண்டித் தவணை, படி எல்லாம் சேர்த்து நாளைக்கு 6,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18,000. லோடு 20 டன். கிலோவுக்கு 90 பைசா. பெரிய சிமெண்ட் கம்பெனிக்கு இது வலிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 90 பைசாவை இன்று கட்டாமல் விட்டுவிடவில்லை. டிரைவர் குடும்பமும், எதிரே பைக்கில் வந்தவர் குடும்பமும் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஏசியில் உட்கார்ந்து 16 மணி நேரம் ஓட்டினாலும் தூக்கம் வரத்தான் செய்யும். இன்னும் சுகமாகவே வரும் :-)

டீயைக் குடித்து முடித்த அண்ணன், லோடு ஏற்றப் போக வேண்டும் என்று கிளம்பினார். "எப்பண்ணா தூங்குவீங்க?" என்றேன். "லோடு ஏத்தற எடத்துல எப்படியும் காக்க வெப்பானுங்க. அங்க தூங்கிக்கலாம்" என்றார்.

காத்திருக்கும் நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த நேரத்தில்தான் அவருக்குத் தூக்கம். அடுத்த செமஸ்டரில் அந்தக் கணக்கு வந்தால் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.