தூண்டிலும் கொல்லாமையும்

பவள விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்கப் பாடலொன்றின் நயத்தையோ நாவலர் பெருமானின் உரைநடைத் திறத்தையோ எழுதுவோமென்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் இம்மலரிலேயே உளர். யாம் எழுதப் புகுந்தது மீன்பிடியைப் பற்றி. பிறந்த நாள்தொட்டு மச்சம் மாமிசம் தீண்டாத ஒருவர் மீன்பிடியைப் பற்றி எழுதுவதா என நகைப்போர் நகைக்க. முழுவதும் வாசித்தபின்னும் நகைப்பாராயின் எமக்கு வருத்தமில்லை.

கனடா நாட்டில் வாழும் எம் பழைய மாணவர் சிலர் அழைக்க, தவணை விடுமுறையோடு சில நாள் லீவும் சேர்த்துக்கொண்டு, சென்ற ஆண்டு ஏப்பிரில், மே மாதங்களில் ரொறன்ரோ நகரிலே தங்கினோம். அவர்களுள் ஒருவர் ஒவ்வோராண்டும் இளவேனிற் காலத்தில் ஒரு கிழமை வேலையை ஒதுக்கிவைத்து, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, ஒன்ராறியோ ஏரியிலும் அதனை வந்தடையும் ஆறுகளிலும் தூண்டில் போடுபவர். “சேர், நீங்கள் தூண்டிலைத் தொட வேண்டாம்; படகில் வந்து இருந்தாற் போதும்” என்றார். “தம்பி, உடனிருந்து பார்த்தலும் பாவந்தானே” என்றோம். அவர் சிரித்தார். ஆயினும் சென்றோம். புதியன காணும் ஆசை யாரை விட்டது?

ஏரி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது இரணைமடுக் குளம். அந்த அளவுகோலை அங்கே கொண்டுசெல்லலாகாது. வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தனுள் மிகப் பெரிதாகிய சுப்பீரியர் ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நம் இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் இட்டாலும் சுற்றிவர நீர் மிஞ்சும். ஐந்தனுள் பரப்பாற் சிறியதாகிய ஒன்ராறியோவே ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீற்றர். கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. அலை எழும், காற்று வீசும், உப்புச் சுவை ஒன்றே இல்லை.

முதல் நாள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில், போட் ஹோப் என்னும் சிறு பட்டினத்தினூடே ஓடி ஏரியிற் கலக்கும் கனறஸ்கா ஆற்றைக் கண்டோம். பனி உருகும் காலத்தில் வானவில் திரௌட்டு என்னும் மீன் ஏரியை விட்டு இவ்வாற்றில் ஏறி முட்டையிடும். இடையிலே ஓர் அணை. அணையின் பக்கத்தே, மீன் ஏறுதற்கெனவே படிப்படியாக அமைத்த நீர்வழி. வெண்ணுரையைக் கிழித்து மீன் துள்ளுவதைப் பார்க்கத் தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கின்றனர். யாம் சென்றபோது பெருங்கூட்டமாய் ஏறும் நாட்கள் கழிந்துவிட்டன, பிந்தியவை சிலவே. பலமுறை விழுந்து, இறுதியில் மேலேறிய ஒன்றைக் கண்டு எம்மையறியாமற் கைகொட்டினோம். அம்மீன் அவ்வேரிக்கு உரியதுமன்று. பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம். அவ்வேரிக்கே உரியதாயிருந்த சமன் மீன், ஆறுகளுக்குக் குறுக்கே மில் அணைகள் கட்டப்பட்டமையாலும் காடுகள் வெட்டப்பட்டமையாலும் அளவிறந்து பிடிக்கப்பட்டமையாலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அற்றொழிந்தது. சாமுவேல் வில்மட் என்பவர் 1866இல் தம் ஊர் ஓடையின் அருகே முட்டைகளைப் பொரிக்கச்செய்து மீட்க முயன்றார்; முடியவில்லை.

எம் வழிகாட்டி அறுபதை அண்மியவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை என்று தாமே கூறினார். எம் மாணவரோ கணக்காளர். படகிலிருந்த மற்றவர் வைத்தியர். அவ்விருவரும் அப்பெரியவர் முன்னிலையில் முதலாந் தரத்துப் பிள்ளைகள்போல் அடங்கியிருந்ததை யாம் வியப்போடு நோக்கினோம். ‘இங்கே போடு’ என்றால் போட்டனர். ‘எடு’ என்றால் எடுத்தனர். இரவு எத்திசைக் காற்று வீசிற்று, அது வெப்பமான மேல்நீரை எக்கரைக்கு ஒதுக்கியிருக்கும், அவ்விடத்துச் சிறுமீன் எது, அதனைத் தேடிப் பெருமீன் எவ்வாழத்தில் வரும் என்று விடியுமுன்னரே கணித்துவிடுவார். ஆழங்காட்டும் கருவி படகில் இருந்தது. ஆயினும் அதனைப் பார்க்குமுன் நீரையும் வானத்தையும் பார்ப்பார். மீனைத் தொடுமுன் கையை நீரில் நனைத்தார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றுமாம். அந்நீரின் குளிர் எம் விரலைச் சில நொடியில் விறைக்கச் செய்தது. அவரோ நாள்முழுதும் நனைத்துக்கொண்டேயிருந்தார்.

அக்கிழமையில் எம் மனத்தை விட்டு நீங்காதது வெள்ளிக்கிழமை இரவு. ஏரியின் வடகிழக்குக் கரையிலே குவின்ரி என்னும் நீண்டு வளைந்த குடாவொன்று உண்டு. திரென்ற் ஆறு அதனுள் வந்து விழுகின்றது. அங்கே பேர்பெற்றது வோல்-ஐ என்னும் மீன். இருளிலே பூனையின் கண்போல ஒளிவிடும் கண்ணுடையது. பனிக்கட்டி அகன்றதும் ஆற்றுவாயிலும் கற்பாங்கான அடித்தளத்திலும் முட்டையிடும். பெருத்த பெண்மீனொன்று சில இலட்சம் முட்டை இடுமெனினும், அவற்றைக் காவல் செய்யும் வழக்கம் அதற்கில்லை. ஆகையால் மார்ச் மாதத் தொடக்கத்திலிருந்து மே மாதத்து முதற் சனிக்கிழமை வரை அங்கே அதனைப் பிடித்தல் குற்றம். அதன்பின்னரும் முழு அனுமதிப்பத்திரம் பெற்றவர் நாளொன்றுக்கு நான்கும், குறைந்த கட்டணத்து அனுமதிப்பத்திரம் பெற்றவர் இரண்டுமே வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை என்பது வெள்ளி நள்ளிரவிலே பிறக்கிறதல்லவா? பதினொரு மணிக்கே படகை ஆற்றுவாய்க்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இருளில் ஆங்காங்கே வேறு படகுகளின் விளக்குகள். கருவியின் திரையில், எமக்குக் கீழே மீன் நிரை நிரையாய் நிற்பது தெரிந்தது. ஒருவரும் தூண்டில் இறக்கவில்லை. வைத்தியர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பதினொன்று ஐம்பத்தைந்து. அவ்விருளில் யார் பார்க்கப்போகின்றார்? ஐந்து நிமிடம் முந்தினால் உலகம் என்னாகும்? இவ்வெண்ணம் தோன்றியது அவர்களுக்கன்று, வாழ்நாளிலே தூண்டில் பிடித்தறியாத எமக்கு! பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பன்னிரண்டும் கடந்து, ஒரு நிமிடம் கூடக் கழிந்தபின்பே தலையசைத்தார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை யாம் மகிழ்ந்து கூறமாட்டோம். வாயிலே இரும்பு தைத்த உயிர் துடிப்பதைப் பார்க்க எம்மால் இயலவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இரண்டு மீனை உணவுக்கென வைத்தனர். மற்றையவற்றை அளந்து நீரில் விட்டனர். உண்ணுதற்குப் பிடிப்பதை விளங்கிக்கொள்ளலாம். விடுவதற்காகப் பிடிப்பதேன் என்று வழிகாட்டியைக் கேட்டோம். விடப்பட்டவை யாவும் பிழைப்பதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். சிறிது நேரம் வாளாவிருந்துவிட்டு, அக்கேள்விக்குத் தம்மிடம் நல்ல விடையில்லை என்றார். பொய்யான விடையொன்றைக் கூறாமைக்காக அவரை மதித்தோம். இதுபற்றி எம் கருத்து இன்றும் அதுவே: பொழுதுபோக்குக்காக உயிரை வருத்தல் ஒவ்வாது. பசிக்குப் பிடிக்கும் நம் ஊர்த் தொழிலாளி அந்தக் கனவான்களினும் குற்றங் குறைந்தவர்.

ஆனால் இத்தோடு நின்றால் பாதியுண்மையே கூறியவராவோம். அவ்வேரிகளின் வரலாற்றை மாணவர் தந்த நூல்களிற் படித்தோம். கடற்பகுதிக்குரிய லாம்பிரே என்னும் உயிர் பாம்புபோல் நீண்டது. வட்ட வாயிற் பற்களால் மீனின் உடலைப் பற்றித் துளைத்துக் குருதி குடிப்பது. நயாகரா நீர்வீழ்ச்சி அதனை மேலேற விடாது தடுத்திருந்தது. மனிதர் கப்பற் போக்குவரத்துக்காக வீழ்ச்சியைச் சுற்றி வெலண்ட் கால்வாயை வெட்டினர். 1921இல் லாம்பிரே ஈரி ஏரியிற் காணப்பட்டது. 1938இல் சுப்பீரியரையும் எட்டிவிட்டது. ஒன்று தன் வாழ்நாளில் 40 இறாத்தல் வரை மீனைக் கொல்லுமாம். மேல் ஏரிகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் இறாத்தலாயிருந்த ஏரித் திரௌட்டு மீன்பிடி, 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் இறாத்தலுக்கு இறங்கிற்று. இரு நாடுகளும் 1954இல் உடன்படிக்கை செய்து, மறு ஆண்டு பொது ஆணைக்குழுவொன்றை அமைத்தன. ஏறக்குறைய 6,000 இரசாயனப் பொருள்களைச் சோதித்து, ஓடைச் சேற்றிலே வாழும் லாம்பிரேக் குஞ்சுகளைக் கொன்று மற்றைய மீன்களைப் பெரிதும் தாக்காத ஒன்றைக் கண்டுபிடித்தனர். 1958 முதல் அதனை ஓடைகளில் இடுகின்றனர். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் காரணமாக அவ்வேலை குறைந்தபோது லாம்பிரே மீண்டும் பெருகிற்று. கெடுத்தவரும் அவர், காப்பவரும் அவர். தூண்டிற்காரர் செலுத்தும் அனுமதிக் கட்டணமே ஒன்ராறியோ மாகாணத்தில் மீனையும் காட்டுயிரையும் பேணும் நிதிக்குச் செல்கின்றது. கொல்வோர் காக்கின்றனர். இது எமக்கு உவப்பான செய்தியன்று; ஆயினும் உண்மை.

நாம் என் செய்தோம்? திருக்குறளிலே கொல்லாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். வெள்ளிக்கிழமையில் சட்டியைக் கழுவி வைக்கின்றோம். கடனீரேரிக் கரைக்கு ஒருநாளேனும் போய், அங்கே எவ்வுயிர் எப்பருவத்தில் முட்டையிடுகிறதென்று கேட்டோமா? தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை விரிக்கப்படுகிறது. கடலடியை வாரும் இழுவைமடி 2017இற் சட்டத்தாற் தடுக்கப்பட்ட பின்னரும் நம் கடல் அதனால் துன்புறுகிறது. அது ‘அவர்கள்’ விடயமென்று இருந்துவிட்டோம். ஒதுங்கி நிற்றலால் உயிர் காக்கப்படாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1990இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைநிற்றல் தகாதென்னும் சமய உணர்வால், நன்னீர் மீன்பிடிக்கு வழங்கப்பட்ட அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. நோக்கம் தூயது. மீன்பிடி நின்றதோவெனில், இல்லை. கண்காணிப்புத் தளர்ந்தது, சிறுகண் வலை பெருகிற்று, குஞ்சும் அள்ளப்பட்டது, குளத்து விளைவு சரிந்தது. 1994இல் ஆதரவை மீண்டும் வழங்க நேர்ந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இக்கல்லூரிக்கு வருமுன், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், யாம் கற்பித்த ஒரு பாடசாலையிலே கடற்றொழிலாளர் ஒருவரின் மகன் படித்தான். ‘நெய்தல் நிலம்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதப் பணித்தோம். அவன் சோளகம் பெயர்ந்தால் எம்மீன் படும், வாடைக்கு எம்மீன் ஒதுங்கும், நீர் வற்றும்போது சிறகுவலையை எவ்வாறு திருப்பவேண்டும், ஓராவும் ஒட்டியும் திரளியும் எங்கெங்கே மேயும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். யாம் அதன்மேற் சிவப்பு மையால் ‘கொச்சை’ என்று எழுதி, ‘நெய்தலின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருளை எழுதுக’ என்று திருப்பிக் கொடுத்தோம். வகுப்புச் சிரித்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கலாசாலையிலே ஈராண்டு மனனஞ் செய்து, சான்றிதழும் பெற்று வந்த கை அது! பத்தாந் தரத்தோடு அவன் நின்றுவிட்டான். அன்று அதனை யாம் பொருட்படுத்தவுமில்லை.

குவின்ரிக் குடாவிலே, வைத்தியரும் கணக்காளரும் பள்ளி குறைந்த ஒரு பெரியவரின் சொல்லுக்குக் காத்திருந்த நள்ளிரவில், நினைவுக்கு வந்தது அந்தக் கொப்பியே. கொல்லாமை என்று சொல்லி மீனிடத்திருந்து விலகினோம். மீனை அறிந்தவனிடத்திருந்தும் விலகினோம். பின்னையதற்கு எந்த நூலிலும் விதியில்லை.

இவ்விழாக் காலத்திலே மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் நிதி சேர்க்கின்றோம், வேண்டியதே. அதனோடு எம் வேண்டுகோளொன்றையும் சங்கத்தார் கருதுவாராக. தவணைக்கு இரண்டு மூன்று முறையேனும், கடனீரேரியில் முதிர்ந்த தொழிலாளர் ஒருவரை அழைத்து, ஆசிரியர் அறையிலே நாற்காலி கொடுத்து இருத்தி, பின் வகுப்பில் விரிவுரையாளராக நிறுத்தவேண்டும். அந்த வழிகாட்டிக்கு நாட்கூலி கொடுப்பதுபோல் இவருக்கும் தகுந்த வேதனம் கொடுக்கவேண்டும். ஓசியாக அறிவு கேட்கலாகாது. மீன், காற்று, வலை, நீரோட்டம் என்பவற்றின் பெயர்களை அவர் வாய்ச்சொல்லாகவே மாணவர் எழுதிவைக்கட்டும். விஞ்ஞான ஆசிரியர் முட்டையிடும் பருவங்களைக் குறித்துக்கொள்ளட்டும். தமிழாசிரியர் சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். செலவைத் தாம் ஏற்பதாக ரொறன்ரோ மாணவர் கூறியுள்ளார்.

முதல் விரிவுரையாளராக யாரை அழைப்பதென்று எமக்குத் தெரியும். அவருக்கு இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தப் படகு வைத்திருக்கிறாரெனக் கேள்வி. வருகிற விடுமுறையிற் சென்று காண எண்ணியிருக்கின்றோம். எம்மை அடையாளங் காண்பாரோ, கண்டால் வருவாரோ, அறியோம்.