சொல்லில் இருக்கும் கேடயம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் ஒரு வாசகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்குக் குடும்பச் சின்னம் வழங்க 1596-இல் எழுதப்பட்ட வரைவு அது. லண்டனில் சின்னங்களுக்குப் பொறுப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் இன்றும் இருக்கிறது. மூலையில் ஒரு சிறு கோட்டோவியமும் உண்டு. அதைப் பார்க்காமல், சொல்லை மட்டும் வைத்து வரைந்து பார்த்தேன்.

பொன் கேடயம். அதன்மேல் கறுப்பில் ஒரு சாய்பட்டை. பட்டையின்மேல் 'முதலாவதில்' ஓர் ஈட்டி, அதன் முனை வெள்ளி. கேடயத்துக்கு இவ்வளவுதான்.

பட்டை எந்தப் பக்கம் சாய வேண்டும்? வாசகத்தில் இல்லை. திசை சொல்லாமல் 'பெண்ட்' (சாய்பட்டை) என்று மட்டும் எழுதினால், வலது மேல் மூலையில் தொடங்கி இடது கீழ் மூலையில் முடியும். நான் என் வலப்பக்கத்திலிருந்து இழுத்தேன், தவறு. இங்கே வலமும் இடமும் கேடயத்தை ஏந்தி நிற்பவருடையவை. அர்த்தநாரீசுவரருக்கு இடப்பாகம் அம்மன் என்னும்போது நாம் சுவாமியின் இடத்தைத்தானே சொல்கிறோம்! தாளில் நம் இடது மேல் மூலையில் தொடங்க வேண்டும். மாற்றி இழுத்தால் அது வேறு சின்னம். 'பெண்ட் சினிஸ்டர்' என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு.

அடுத்து அந்த 'முதலாவது'. இரண்டாவது ஈட்டியைத் தேட வேண்டாம். வாசகத்தில் முதலில் வந்த நிறம் என்று பொருள். சொன்ன நிறத்தையே மறுபடி சொல்லாதிருக்க எழுத்தர்கள் கையாண்ட சுருக்கம். முதலில் வந்தது பொன், ஈட்டியும் பொன்.

நிறப் பெயர்களில் பல பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. 'ஓர்' என்றால் பொன், அர்ஜென்ட் வெள்ளி, கியூல்ஸ் சிவப்பு, அஸ்யூர் நீலம். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், மற்றவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமும் வண்ணத்தின்மேல் வண்ணமும் வைக்கக் கூடாது என்பது விதி. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டுமே. பொன்மேல் கறுப்பு, கறுப்புமேல் பொன் என்று ஷேக்ஸ்பியர் கேடயம் அதற்கு அழகான சான்று.

எவ்வளவு அடர்ந்த நீலம் என்று வாசகம் கேட்காது. அதை ஓவியர் முடிவு செய்யலாம். நின்றெழும் சிங்கம் என்றால் நின்றெழ வேண்டும்; பிடரியின் சுருள் அவர் விருப்பம். வாசகத்துக்குப் பொருந்தினால் எல்லாப் படமும் ஒரே சின்னம்தான். அதனால்தான் 1385-இல் ஸ்குரோப், குரோவ்னர் என்ற இரு குடும்பத்து வீரர்கள் 'நீலத்தில் பொன் சாய்பட்டை'க்காக மோதிக்கொண்டு வழக்குக்கே போனார்கள். கவிஞர் சாசரும் சாட்சி சொன்னார். ஸ்குரோப் வென்றார், குரோவ்னர் வேறு சின்னம் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே குடும்பச் சின்னம் வரையப் போகிறவர்கள் பழைய படத்தைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். வாசகத்தைத் தேடிப் படியுங்கள். குடும்பப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு 'உங்கள் சின்னம் இதுதான்' என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு பெயருக்குத் தரப்படுவதில்லை. ஒரு மனிதருக்குத் தரப்பட்டு, அவர் வழித்தோன்றல்களுக்கு இறங்குகிறது.