கடலுக்கு அப்பால் ஒரு குசலம்

அயல்நாடு சென்று மீண்டவர் இலண்டனையும் பாரிஸையும் வருணிப்பது வழக்கம். ரெயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு வாய்த்ததோ இலங்கை. 2024-ஆம் ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறங்கினோம். வித்துராவிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் பிடித்தது!

கொழும்புக் கோட்டை நிலையத்தில் கெட்டியான அட்டைச் சீட்டைப் பொறியில் அழுத்தித் தேதி பதித்துக் கொடுத்தார்கள். நம் அலுவலகத்துப் பழைய அலமாரியில் மட்டுமே நாம் கண்ட பொருள் அது. கை நடுங்க வாங்கிக்கொண்டோம். வண்டியின் பெயர் 'பொடி மெனிக்கே'. சின்ன நங்கை என்று பொருளாம். வழி நெடுக நிலையப் பலகைகளில் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழும் இருந்தது. மலையாளப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த நாம், சிறு பிள்ளைபோல் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக்கொண்டே சென்றோம். எதிரில் இருந்த அம்மையார் நகைத்தார்.

ஹட்டனில் இறங்கினோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் பாட்டனார் பொன்முடித் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தார். அவருடைய தமையனார் இலங்கை மலைக்குப் போனார். அத்தமையனாரின் பேரர், நமக்கு அண்ணன் முறை, இன்றும் அங்கே லயத்தில் வசிக்கிறார். இங்கும் லயம், அங்கும் லயம்! காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுப்பதை மட்டும் அங்கே 'பெரட்டு' என்கிறார்கள்.

தேநீர் ஆறுமுன் அண்ணன் கேட்டார்: "குளத்துப்புழை அத்தை சௌக்கியமா, தம்பி?"

நாம் விழித்தோம்.

1964-இல் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தீர்மானமாயிற்று. சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கே அக்கணக்கு கூசுகிறது. அண்ணனின் தகப்பனார் அங்கே நின்றார். அவருடைய தங்கை தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார். அவ்வாறு திரும்பியவர்களுக்கென 1976-இல் புனலூரில் ஒரு மறுவாழ்வு இரப்பர்த் தோட்ட நிறுவனம் ஏற்பட்டது. குளத்துப்புழையில் அதன் தோட்டம் இருக்கிறது. பாலோடு, மடத்தறை வழியாகப் பேருந்தில் போய்விடலாம். கடல் தாண்டிய நாம் ஒருநாளும் அங்கே போனதில்லை. "சௌக்கியமே" என்று பொய் சொன்னோம். அண்ணன் அத்தைக்கென்று ஒரு தேயிலைப் பொட்டலம் தந்தார்.

ஊர் திரும்பிய மறு ஞாயிறன்றே அதை எடுத்துக்கொண்டு குளத்துப்புழை சென்றோம். அத்தை பொட்டலத்தைப் பிரித்து நெடுநேரம் முகர்ந்தார். அழவில்லை.

"பெரட்டுக் களத்து ஓரம் ஒரு கொய்யா மரம் உண்டே, நிற்கிறதா ஐயா?" என்றார்.

அட்டைச் சீட்டையும் நிலையப் பலகைகளையும் அவ்வளவு உற்றுப் பார்த்த நாம், அந்த மரத்தைப் பார்த்து வரவில்லை.